ஏழாம் இலக்கச் சட்டை

ஆடி முதல் வெள்ளி

காலையில் முருகன் கோயிலில் கவினுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தேன். தேசிய ரக்பி அணியில் மகனுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். கிடைக்காவிட்டால் ஜப்பான் கிளப்புக்குக் கையெழுத்து வைத்துவிடுவான். அங்கே போனவர்களை இங்கே அணியில் எடுப்பதில்லை.

பின்னேரம் இவரும் இவருடைய தம்பியும் வழக்கம்போல வாதாடினார்கள்.

"ஏழாம் இலக்கச் சட்டை போடுறவன் எதிராளியிட்டப் பந்து பறிக்கவேணும். எங்கட பெடியன் பறிப்பான்," என்றார் இவர்.

"பறிச்சென்ன அண்ணை? இப்ப மலை மாதிரி ஆக்களைத்தான் எடுக்கினம். அந்த இடத்தில சியோனே இருக்குமட்டும் இவன் வெளியில தண்ணிப் போத்தல்தான் தூக்கலாம்."

அந்நேரம் கவினுக்குப் போன் வந்தது. பயிற்சியில் சியோனேயின் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டதாம். இந்தப் பருவம் முழுக்க ஆட முடியாது. அவனுடைய இடத்துக்குக் கவினை எடுத்திருக்கிறார்கள்.

இவர் கை தட்டினார். "உம்மட முருகன் கேட்டிட்டாரப்பா!"

"டோன்ட், அப்பா," என்றுவிட்டுக் கவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

போன மாதம்தான் சியோனே கவினோடு வந்து எங்கள் மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டான். ஆன்ட்டி, ஆன்ட்டி என்று இன்னும் சொதி கேட்டு வாங்கினான். இடம் கேட்டபோது, அந்த இடத்தில் ஒரு பிள்ளை நிற்கிறான் என்று நான் நினைக்கவேயில்லை.

மகன் இனி இங்கேயே இருப்பான். அதைத்தானே கேட்டேன்.

நாளைக்குச் சியோனேக்கு அர்ச்சனை செய்விக்க வேண்டும். ஐயர் நட்சத்திரம் கேட்பார். பிள்ளை பிறந்த நேரம் என்னவென்று அவன் தாயிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?