விமானம் ஏறாத ஊறுகாயும் மிஸ் தேவராஜும்

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் ஒரு சேதி. போன மாதம் நான் செத்துப்போய்விட்டேன். பதறாதே, மறுநாளே எழுந்தும் விட்டேன். அந்தக் கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் சவாரி வந்துவிட்டது என்று கிளம்பிவிடாமல் முழுசாகக் கேள்.

அயர்லாந்தில் மேல்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாதி உதவித்தொகை, மீதி பேங்க் லோன். மழைத்தண்ணீரை ஊருக்குள் தேங்கவிடாமல் எப்படி வெளியேற்றுவது என்கிற படிப்பு. முடிச்சூரில் வளர்ந்தவள் வேறு என்னத்தைப் படிப்பாள்? வானம் கறுத்தாலே நீ டாக்ஸியைக் கொண்டுபோய் பெருங்களத்தூர் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டியளவு தண்ணீரில் வீட்டுக்கு வருவாயே, விண்ணப்பக் கட்டுரையை அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். கோபமா?

உன் பிழைப்பே ஏர்போர்ட் சவாரிதானே. சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர் என்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் இறக்கிவிடுவாய். பெட்டி எடை கூடிப்போனால் முதலில் வெளியே வருவது ஊறுகாய் பாட்டில். "அண்ணா, நீங்களே எடுத்துக்கங்க" என்று உன் கையில் திணித்துவிடுவார்கள். நார்த்தங்காய், ஆவக்காய், பூண்டு, ஒரு தடவை கருவாட்டுத் தொக்குகூட வந்தது. அம்மா ஊறுகாய் போட்டு நான் பார்த்ததே இல்லை. விமானம் ஏறாத ஊறுகாயிலேயே நம் குடும்பம் ஓடியது. நீ அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டே, "நம்ம பாப்பா போவசொல்லோ ஒரு பாட்டிலும் கீழ எறங்காது, பாரேன்" என்பாய்.

எனக்குப் போக ஆசை. அம்மாவுக்கு அனுப்ப மனசில்லை. பிரச்சினை அவ்வளவுதான்.

சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அம்மா தன் வாசல் மாவுக்கடையில் கிரைண்டரைப் போட்டுவிடுவாள். நான் பேச்சை எடுத்தால் கிரைண்டர் ஓடும், வாயை மூடினால் நிற்கும். "ஒரே ஒருவாட்டி கேளும்மா" என்று கத்தினால், "அரிசி அரையுது, காதுல வுழல" என்பாள். ஒரு நாள் மட்டும் அவளே சுவிட்சை அணைத்தாள். "ஒருத்தர அனுப்பிட்டே இன்னும் எழுந்திருக்க முடியல. நீயும் போய்ட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?" என்றாள். நானே சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டேன் அப்பா. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இடத்தை உறுதி செய்யக் கடைசித் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் உன் பெயர் உள்ளே புகுந்தது. நமக்கெல்லாம் பெயருக்கு முன்னால் அப்பாவின் ஒரு எழுத்து போதும். தே. நித்யா என்றால் கதை முடிந்தது. அங்கே குடும்பப் பெயர் இல்லாமல் ஆளே கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நான் மிஸ் தேவராஜ்.

நான் டியூஷன் எடுக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், என் போன் அணைந்து கிடந்ததால் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசியது பல்கலைக்கழக அலுவலகத்துப் பெண்மணி. அவள் பேசிய இங்கிலீஷில் அம்மாவுக்குப் புரிந்தது தேவராஜ் மட்டும்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரி உன்னைத் தேடுகிறாள்! "நோ மோர், மேடம்" என்றிருக்கிறாள் அம்மா. அந்தப் பக்கம் பதறிப்போய் மறுபடியும் உன் பெயரைச் சொல்லிக் கேட்க, "எஸ், எஸ். ஹார்ட் அட்டாக். ஆல் ஃபினிஷ்" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் விசாரணை. "யாருடி அவ? உங்கப்பா போய்ட்டாருன்னதும் அவளுக்கும் தொண்ட அடைக்குது. ஏர்போர்ட்டு சவாரியில இன்னா பழக்கமோ!" உண்மையைச் சொல், இப்போது சிரிக்கிறாய்தானே?

மறுநாள் மூன்று மணி வாக்கில் மெயில் வந்தது. மிஸ் தேவராஜின் எதிர்பாராத மறைவுக்குக் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபமாம். விண்ணப்பத்தை மூடிவிட்டார்களாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கிரைண்டர் நின்றது.

"இன்னாது, எம்பொண்ணு செத்துட்டாளா? எவ சொன்னா?"

"நீதாம்மா சொன்ன."

அந்த இடத்தில் அம்மா சும்மா இருந்திருந்தாலே போதும், அப்பா. அவள் கேட்டது கைமேல் கிடைத்துவிட்டது. நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன். ஆனால் அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "போடுடி போன" என்றாள்.

"நான் பேசிக்கிறேம்மா."

"செத்தவ பேசினா எவ நம்புவா? செத்துட்டான்னு சொன்னவதான் உயிரோட கீறான்னும் சொல்லணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அதே பெண்மணிதான் எடுத்தாள். "மை டாட்டர் நித்யா, மேடம்" என்று அம்மா ஆரம்பித்தாள். நித்யா சரி, குடும்பப் பெயர் என்ன என்றாள் அவள். நான் வாயைத் திறக்க, அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

அம்மா உன் பெயரைச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? ரேஷன் கடையில்கூட, "பாப்பா, அப்பா பேரச் சொல்லு" என்று என்னைத்தானே முன்னால் தள்ளுவாள்? நீ போன பிறகு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோமே, அங்கேயும் நான்தான் சொன்னேன். இப்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "தேவராஜ்" என்றாள். குரலே வரவில்லை. அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பச் சொல்லச் சொன்னாள். அம்மா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்: "தேவராஜ், மேடம்! தேவராஜ் நாட் டெட்! தேவராஜ் கமிங்!"

அந்தப் பெண்மணி சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மா புதுப்பெண் மாதிரி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "உம் பேர் வருதுன்னு சொல்லிட்டேன். இனி போய்த்தான் ஆவணும்" என்றாள். அவள் 'உம் பேர்' என்றது என்னிடமா, உன்னிடமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். மாவுக்கடைத் தராசில் அதை வைத்து வைத்து எடை பார்க்கிறாள். அவளைத் தனியாக விட்டுப் போகிற கவலை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றிலிருந்து கிரைண்டரை என் வாயை அடைக்கப் போடுவதில்லை, அரிசிக்காக மட்டும்தான் போடுகிறாள்.

உன் பெயரை ஒரு முறை சொல்லிப் பழகியது, இப்போது நிற்கவே மாட்டேன் என்கிறது. கேலியாக என்னையே அப்படித்தான் கூப்பிடுகிறாள். நேற்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "தேவராஜ், சோறு ஆறுது, வா." நான் உடனே எழுந்திருக்கவில்லை அப்பா. நீ முதலில் போய் உட்காரட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.

பெட்டி எடை கூடினால் சுவெட்டரை இறக்குவேன், அம்மாவின் ஊறுகாயை இறக்க மாட்டேன். சத்தியம்.

இங்கே தே. நித்யா,
அங்கே மிஸ் தேவராஜ்,
எங்கேயும் உன் ஒரே பாப்பா.