எல்லார் பெட்டியிலும் பேரன்

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

மூத்த பேத்திக்கு வங்கி வேலை, நடுப்பேரனுக்கு நீச்சலில் முதல் பரிசு, கடைக்குட்டி தானாக நடக்கிறான். இதெல்லாம் நான் டீ போடும் ஆபீசில் எல்லாருக்கும் மனப்பாடம். போன வாரம் ரிசப்ஷன் பெண்ணைக் கெஞ்சி, நீங்கள் ஊரிலிருந்து அவள் ஈமெயிலுக்கு அனுப்பிய கடைக்குட்டி நடக்கும் வீடியோவை ஆபீஸ் முழுவதற்கும் ஈமெயிலில் அனுப்ப வைத்தேன். ஆளுக்கொரு நகல் சேர்ந்ததில் சர்வரில் இடம் தீர்ந்து, வரவேண்டிய மெயில் எல்லாம் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர்காரர் துருவிப் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, எல்லார் பெட்டியிலயும் உங்க பேரன்தான் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கான்!" என்றார். மேனேஜர் அந்தப் பெண்ணை வேலையை விட்டே அனுப்புவதாகக் குதித்தார்.

"அனுப்பச் சொன்னது நான். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க சார்" என்று முன்னால் போய் நின்றேன்.

வீடியோவை எல்லார் பெட்டியிலும் அழித்து, அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியையும் காலி செய்த பிறகுதான் மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. மேனேஜருக்கும் கோபம் இறங்கியது. "பய நல்லாத்தான் நடக்கிறான்" என்று சிரித்தார். பெண்ணின் வேலை தப்பியது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கம்ப்யூட்டரில் நான் தினமும் பார்க்கும் வீடியோவும் அதோடு போய்விட்டது. அடுப்பில் பால் பொங்குகிறது, முடிக்கிறேன். அவனைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். தூக்கி வைத்திருப்பது நீங்களாக இருக்கட்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.