மூடி இருந்ததாக நான் போட்ட சரி

யூன் 10, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. இடக்கையால் எழுதுகிறேன், வசனங்கள் குட்டையாகத்தான் வரும். வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதிதான் மிச்சம். தையல் பிரித்தாயிற்று.

செய்ய: மருத்துவ அறிக்கைப் பிரதி. சட்டத்தரணி. பொத்தான் இல்லாத சட்டை இரண்டு.

தொழிற்சாலை முதலாளியின் கடிதம் வந்தது. வாழைக்காய் சீவும் மெசினின் கத்தி மூடியை நானே கழற்றிவிட்டுத் தரம் பார்க்க மாதிரி எடுத்தேனாம். ஆகவே நட்டஈடு இல்லையாம். மூடி பதினொரு மாதமாகக் களஞ்சிய அறையில் கிடந்தது. மூடியோடு சீவினால் வேகம் போதாது என்று கழற்றுவித்தவரே அவர்தான்.

யூன் 12, வியாழன்

யாழ்ப்பாணம். பெயர்பெற்ற சட்டத்தரணி. கையைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி எவடம்?"

"நீர்வேலி."

"நீர்வேலியிலை ஆற்றை மகள்?"

தகப்பன் பெயரைச் சொன்னேன். முதலாளி யார் என்றும் சொன்னேன்.

"அட, என்ரை மனிசியின்ரை அண்ணையெல்லோ. சேர்ச்சிலை முன்வாங்கிலை இருக்கிறவர். நான் கதைச்சு விடுறன். உது வழக்குக்குக் கொண்டுபோற விசயமே?"

"ஓம். கொண்டுபோற விசயம்தான்."

கடிதத்தைத் திருப்பி வாங்கினேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கோபம் வந்தது. பயம் வரவில்லை. நல்லது.

யூன் 13, வெள்ளி

மெசினில் நிற்கும் ஜெயா வந்தாள், ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்துடன்.

"மிஸ், இப்ப மூடியைக் கழுவிப் பூட்டியிருக்கினம். இன்ஸ்பெக்டர் வருவாராம்."

பிறகு, சுவரைப் பார்த்தபடி: "நீங்கள் நெடுகச் சரி போட்டனீங்கள்தானே. ஒருநாளாவது பிழை போட்டிருந்தால் எங்களுக்கும் உதவியிருக்கும்."

தரக்கட்டுப்பாட்டு அலுவலர் நான். காலைத் தாளில் 'மூடி உண்டு' என்ற கட்டத்தில் தினமும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தவள். ஏற்றுமதிச் சான்றிதழுக்கு வெறும் தாள் வேலை என்றார் முதலாளி. இரசாயனவியல் பட்டதாரி, நிரூபிக்காமல் எதையும் நம்பாதவள் என்று பெயர் வேறு. விபத்து நடந்த காலையும் சரி.

யூன் 16, திங்கள்

சாவகச்சேரி. பெண் சட்டத்தரணி, முப்பது வயதிருக்கும். ஊர் கேட்கவில்லை. கையைக் கேட்டார், தாளைக் கேட்டார். என்னிடமிருந்த பிரதிகளை வைத்தேன்.

"அக்கா, உங்கடை சரிதான் அவையின்ரை சாட்சி."

"தெரியும். அது பொய்."

"பொய்யெண்டு சொன்னால் வேறை ஒருத்தரும் உங்களை வேலைக்கு எடுக்காயினம். சொல்லாட்டில் வழக்கு இல்லை."

"எழுதுங்கோ."

"வீட்டை போய் யோசிச்சுப் போட்டு..."

"பதினொரு மாதம் யோசியாமல் கையெழுத்து வைச்சனான், பிள்ளை. இண்டைக்கு யோசிச்சுத்தான் வந்திருக்கிறன்."

பேனையை எடுத்தார். சத்தியக் கூற்றின் முதல் வரி: அந்தச் சரிகள் பொய்யானவை, போட்டவள் நான். இரண்டாம் வரி: போடச் சொன்னவர். முழுப் பெயரும் சொன்னேன், தகப்பன் பெயரோடு. எழுத்துப் பிழை வராமல் பக்கத்தில் நின்று பார்த்தேன்.