புட்டியும் மூக்கும்

ஷீகோவ் கிராமம்
1998 நவம்பர் 22

அன்புள்ள லியனே,

இங்கே நானும் நம் கோழிகளும் சுகம். நீயும் நீ வேலை செய்யும் வீட்டில் தூக்கி வளர்க்கும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். ஷாங்காய்க் குளிர் ஈரக் குளிர், எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்கிறார்கள். அந்தப் பழைய பருத்தி உள்சட்டையை வெட்கப்படாமல் போட்டுக்கொள். அது கிழிசல் என்பது ஃபாங் வீட்டு அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

நீ மூன்று முறை கடைக்குப் போன் செய்தாய். மூன்று முறையும் ஒரே கேள்வி: நீ அனுப்பிய கண்ணாடிப் புட்டியில் நான் டீ குடிக்கிறேனா என்று. மூன்று முறையும் ஆமாம் என்றேன். கடைக்காரன் பெண்டாட்டி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது வேறு என்ன சொல்வது? ஆனால் அது பொய், லியனே. அந்தப் புட்டியில் நான் ஒரு வாய் டீகூடக் குடித்ததில்லை. இப்போது அது நம் வீட்டிலும் இல்லை. எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். கோபத்தில் கடிதத்தைச் சுருட்டி எறியாமல் கடைசி வரை படி.

அதற்கு முன்னால் இதைவிடப் பெரிய பொய் ஒன்றைச் சொல்லித் தொலைக்கிறேன். என் மூக்கு சரியாகவில்லை. போன வருஷத்துக்கு முந்தைய குளிரில் வந்த காய்ச்சலோடு போன வாசனை இன்றுவரை திரும்பவில்லை. மார்ச்சில் நீ கிளம்புவதற்கு முதல்நாள், என் கண்ணைத் துணியால் கட்டி ஒவ்வொன்றாக மூக்கின் கீழே நீட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? வெங்காயம் என்று சரியாகச் சொன்னேன். கண் எரிந்தது, அதனால் சொன்னேன். வினிகர் என்று சரியாகச் சொன்னேன். அந்தச் சாடியின் மூடி திருகும் சத்தம் எனக்குத் தெரியாதா? மூன்றாவதாக எள் எண்ணெய் என்றது குருட்டாம்போக்கில் விழுந்த அடி. நீ கையைத் தட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்போடு நீ நிம்மதியாக ரயில் ஏறினால் போதும் என்று இருந்தது எனக்கு. நம் மகள் ருய்யிங்குக்கு நர்ஸ் படிப்பில் இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறதே.

பால் திரிந்ததா, சோற்றில் வாடை வந்துவிட்டதா, அடுப்புக்கரி புகைகிறதா என்று எல்லாம் நீ முகர்ந்து சொல்லித்தான் நான் இரண்டு குளிர்காலத்தைத் தள்ளினேன். நீ போன பிறகு பக்கத்து வீட்டு நியூ அக்கா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். தினைக்கஞ்சி அடிப்பிடித்துத் தெருவே நாறியபோது, நான் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேனாம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து, அடுப்பையும் பானையையும் ஒரு முறை முகர்ந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். அந்தப் புண்ணியவதிக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு.

இப்போது புட்டியின் கதைக்கு வருகிறேன்.

செப்டம்பரிலிருந்து செங்கல் சூளைக்குப் பின்னால் மேட்டில் நம் மாவட்ட அருங்காட்சியகத்துக்காகக் குழி தோண்டுகிறோம் என்று சொன்னேன் அல்லவா? எங்களுக்குத் தலைமை அருங்காட்சியகத்து அம்மாள், தோ டீச்சர். ஐம்பது வயது இருக்கும். எப்போதும் முழங்காலில் மண்ணோடுதான் நடப்பார். வேலைக்கு எடுத்த அன்றே ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டார். நிறம் பிரித்துப் பார்க்கக் கண் இருக்கிறதா, கை நடுங்காதா, மூக்கு வேலை செய்கிறதா? கல்லறை மண்ணுக்குத் தனி வாடை உண்டாம். மூன்றுக்கும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு மண்ணைக் கையில் எடுத்து முகரச் சொன்னபோதெல்லாம், முதலில் கூடத் தோண்டும் லுவோ அண்ணன் முகத்தைப் பார்ப்பேன். அவர் மூக்கைச் சுளித்தால் நானும் சுளிப்பேன். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். பிழைப்புக்காக ஒரு மனிதன் எத்தனை வேஷம் போடுகிறான், பார்.

அது கணவனும் மனைவியும் சேர்ந்து கிடக்கிற கல்லறை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்கிறார் டீச்சர். பெரிய பிரபு யாரும் இல்லை. நம்மைவிடக் கொஞ்சம் வசதியான குடும்பம் போலிருக்கிறது. மண்ணால் செய்த சின்னக் களஞ்சியம், மண் பன்றி, மண் நாய், மண் அடுப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். அடுப்பின் மேல் பக்கத்தில் ஒரு மீனும் ஒரு கரண்டியும் பதித்திருக்கிறார்கள். போன இடத்தில் சமைக்க வேண்டுமே! கல்லறையில் கிடந்த அந்த அம்மாவின் பல்லுக்கு நடுவே ஜேட் கல்லில் செதுக்கிய சிள்வண்டு ஒன்று இருந்தது. நாக்கின் மேல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை மண்ணிலிருந்து எடுத்தவன் நான்தான். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு உனக்குப் போன் செய்ய வேண்டும்போல் இருந்தது.

அதற்கு நான்காம் நாள் அந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு வெண்கல ஜாடி தெரிந்தது. நீண்ட கழுத்து, குண்டு வயிறு, உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. அசைத்தால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. இது எங்களுக்குப் புதிது இல்லை. மூடி இற்றுப்போன ஜாடிகளில் ஊற்றுத் தண்ணீர் இறங்கித்தான் இருக்கும். அப்படியே தூக்கினால் கனத்தில் ஜாடியின் காது முறிந்துவிடும். அதனால் வடித்துவிட்டுத்தான் தூக்குவோம். இதன் மூடி மட்டும் களிமண் வைத்து இறுக்கி மூடியிருந்தது. நான் தொட்டதுமே பெயர்ந்து கையோடு வந்தது. நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சாய்த்தேன். லேசான பச்சை நிறத்தில் தெளிவாக வந்தது. கிணற்றடியில் வாளியைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்தடி தள்ளி நின்ற லுவோ அண்ணன் தலையைத் தூக்கினார். "யாருய்யா அது, வேலை நேரத்துல சாராயத்தத் தொறந்தது?" என்றார். அவர் வழக்கமாகச் செய்யும் கேலி என்று நானும் சிரித்துக்கொண்டே சாய்த்தேன். அதற்குள் டீச்சர் விழுந்தடித்து ஓடி வந்து, ஜாடியின் வாய்க்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தி நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மண்ணில் கொட்டியது தண்ணீர் இல்லை. இரண்டாயிரம் வருஷத்து மது.

ஜாடியில் ஒரு கிண்ணம் அளவு மிச்சம் இருந்தது. ஆனால் அதன் அடி காகிதமாகத் தேய்ந்துபோயிருந்ததால் அதுவும் கசிய ஆரம்பித்தது. மாதிரி எடுக்கும் புட்டிகள் எல்லாம் அன்று காலை வண்டியோடு டவுனுக்குப் போய்விட்டன. மூடி உள்ள சுத்தமான பாத்திரம் யாரிடமாவது இருக்கிறதா என்று டீச்சர் கத்துகிறார். எல்லாருடைய புட்டியிலும் டீத்தூள் ஒட்டிக்கிடக்கிறது.

என் பைக்குள் உன் புட்டி இருந்தது, லியனே. நீ அனுப்பிய அட்டைப் பெட்டியோடு, மூடியில் ஒட்டிய விலைச்சீட்டோடு. தினமும் வேலைக்கு எடுத்துப் போவேன். தினமும் அப்படியே திரும்பக் கொண்டுவருவேன். உடைந்துவிடுமோ என்று பயம். டீ மட்டும் பழைய ஊறுகாய்ப் புட்டியில்தான். பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு மாசமாகப் புதுசைச் சுமந்துகொண்டு ஏன் உபயோகிக்காமல் வைத்திருந்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். பெண்டாட்டி வாங்கி அனுப்பியது என்றேன். அவர் சட்டென்று புட்டியை எடுத்துக்கொண்டார். கொதித்து ஆறிய நீரில் அலசி, இருந்த மதுவை ஒரு துளி சிந்தாமல் அதில் வாங்கினார். உன் புட்டியில் முக்கால் பங்கு நிறைந்தது.

பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாகாணத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். வேலை போவது நிச்சயம் என்று இருந்தேன். ருய்யிங்கின் படிப்புக்கு உன் சம்பளம், வீட்டுக்கு என் சம்பளம் என்று நாம் கணக்குப் போட்டது என்ன ஆகும்? அதைவிட, மூக்கு இல்லாதவன் பொய் சொல்லி உள்ளே நுழைந்து பாழாக்கினான் என்று ஊர் பேசுமே. அது உன் காதுக்கு எட்டினால் நீ அங்கே குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் தவிப்பாய்?

அதிகாரி வந்தார். கொட்டியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முன்னால் வந்தார். "தண்ணி இருந்தா வடிச்சிட்டுத் தூக்குங்கன்னு சொன்னது நான். என் டைரில எழுதியிருக்கு. அவரு நான் சொன்னதத்தான் செஞ்சாரு" என்றார். டைரியை நீட்டியும் காட்டினார். அப்படியே எழுதியிருந்தது. அதிகாரி அவரை அரை மணி நேரம் கடிந்துகொண்டார். டீச்சர் முழங்கால் மண்ணோடு தலை குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். எனக்காக நம் சொந்தத்தில் யாராவது இப்படி நின்றிருப்பார்களா?

என்னால் தாங்க முடியவில்லை. அதிகாரியின் வண்டி கிளம்பியதும் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். காய்ச்சல், வாசனை போனது, லுவோ அண்ணன் முகத்தைப் பார்த்துச் சமாளித்தது, உன்னை ஏமாற்றியது, எல்லாம். நாளையிலிருந்து வரவில்லை என்றும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூக்கு இல்லன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, மூக்கு இருக்கிற ஆளப் பக்கத்துல நிக்க வச்சிருப்பேன். அவ்வளவுதான விஷயம்? இதுக்கா இத்தன நாள் பயந்தீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, லியனே. ஐம்பத்திரண்டு வயதில், குழியின் ஓரத்தில், எல்லாரும் பார்க்க அழுதேன்.

போன திங்கள்கிழமை அருங்காட்சியக வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். குளிர்காலம் முழுக்க உள்ளே வேலை செய்ய மூன்று பேர். மூன்றாவது பெயர் என்னுடையது, கோவ் ஜென்பாங். இப்போது பின்கட்டு அறையில் உட்கார்ந்து உடைந்த மண்பாண்டங்களை ஒட்டுகிறேன். அந்த மண் அடுப்பு நாற்பத்தொரு துண்டாகக் கிடந்தது, முப்பத்தெட்டு சேர்ந்துவிட்டது. மீனின் வால் மட்டும் இன்னும் அகப்படவில்லை. குழியிலும் புதுச் சட்டம் வந்துவிட்டது: தண்ணீர் உள்ள ஜாடியை இரண்டு பேர் முகர்ந்த பிறகுதான் சாய்க்க வேண்டும். எனக்கு மூக்காக இருக்க லுவோ அண்ணன் சம்மதித்துவிட்டார். ஒரு முறைக்கு ஒரு சிகரெட் கூலி கேட்கிறார்.

உன் புட்டிக்கு அலமாரியில் தனி இடம், தனி எண், பூட்டு, சாவி எல்லாம் உண்டு. ஆராய்ச்சிக்கு எடுத்தது போக இன்னும் நாலு விரல் மது அதில் இருக்கிறது. விலைச்சீட்டையும் கிழிக்க வேண்டாம் என்று டீச்சர் அப்படியே விட்டிருக்கிறார். நம் குடும்பத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குள் போன முதல் பொருள் நீ கடையில் வாங்கியது. உனக்குச் சிரிப்பு வருகிறதா?

ஃபாங் வீட்டில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், புத்தாண்டுக்கும் லீவு கிடைக்காது, மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அது உன் முடிவு. நல்ல மனிதர்கள், நல்ல சம்பளம். என் மூக்கை நினைத்து நீ ஓடிவர வேண்டாம். நியூ அக்கா இருக்கிறார், லுவோ அண்ணன் இருக்கிறார். அதற்காகத்தான் இவ்வளவும் விவரமாக எழுதினேன்.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. பிப்ரவரியில், புத்தாண்டின் ஆறாம் நாள் கண்காட்சி திறக்கிறார்கள். ஜாடி, ஜேட் சிள்வண்டு, மண் அடுப்பு எல்லாம் ஒரே கூடத்தில். அன்று காலை, மக்கள் வருவதற்கு முன்னால், தோண்டியவர்களுக்கும் அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் மட்டும் அந்தப் புட்டியை ஒரே ஒரு முறை திறந்து காட்டப்போகிறாராம் டீச்சர். அது என்ன வாசனை என்று நான் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். லுவோ அண்ணன் புளித்த சீமைப்பனிச்சைப் பழம் என்கிறார். டீச்சர் ஈர வைக்கோல் என்கிறார். காவல்காரர் பழைய செருப்பு என்கிறார். எனக்கு ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு வருஷமாக நீ சொல்வதுதான் எனக்கு வாசனை. பிறர் சொல்வது வெறும் செய்தி.

வருபவர் பெயரைக் கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர் என்ற இடத்தில் ஷுவே லியனே என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். வருவது உறுதியா என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். மாத முடிவுக்குள் நிரப்பித் தந்தால் போதும் என்று டீச்சர் தன் பென்சிலையே என்னிடம் கொடுத்திருக்கிறார். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
ஜென்பாங்