கழுவிவிட்ட மூன்றாவது பாட்டில்

சித்தூர்,
ஜூலை 19.

அன்பு மகள் பிரித்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டுக் கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று தெரிந்தால் அந்தச் சுகம் முழுசாகும். தினம் பேசிவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ குறுக்கே பேசி அடைத்துவிடுகிறாய், காகிதத்தில் அது நடக்காது பார். உன் தம்பி உதயா ஸ்ரீசிட்டி வேலைக்காகத் தடாவில் ரூம் எடுத்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியோடு மட்டும் அம்மா ஞாபகம் வருகிறது. நைனாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் தினம் ஒரு மாம்பழம் திருடித் தின்கிறார்.

போன வாரம் உன் லேபிலிருந்து நீ காட்டிய வீடியோ கண்ணிலேயே நிற்கிறது. உடம்பைக் காக்கிற டி செல், எதிர்ப்படுகிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும், அதன் மேலிருக்கும் ரிசப்டர் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து உள்ளே கால்சியம் ஏறும், ஏறினால் நீ போட்ட சாயம் பச்சையாக மின்னும் என்றாய். பிடி லேசாக இருந்த செல்லெல்லாம் பச்சையாக விட்டு விட்டு மின்னின. நடுத்தரமான பிடியில் பச்சை ஏறி அப்படியே நின்றது, அப்படி நின்றால்தான் செல் இது எதிரி என்று முடிவுகட்டி வேலையில் இறங்கும் என்று சொன்னாய். எல்லாவற்றிலும் இறுக்கமான பிடியை மூன்று தட்டில் வைத்திருந்தாய். இரண்டில் பச்சை நின்றது, ஒன்றில் சட்டென்று ஏறி உடனே அணைந்துபோனது. அந்தத் தட்டில் சாயம் சரியில்லை, கணக்கில் சேர்க்கவில்லை என்றாய். சாயத்தைச் சோதித்தாயா என்று கேட்டேன். நேரமில்லை, பிடி இறுக இறுகக் கால்சியமும் கூடத்தான் வேண்டும், கைடு சாரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னால் இல்லை, என்னால்.

நம் மாம்பழக் கூழ் கம்பெனியில் என்னைப் பழம் பிரிக்கும் பெல்ட்டிலிருந்து சாம்பிள் ரூமுக்கு மாற்றியது உனக்குத் தெரியும். ஒவ்வொரு லாட்டிலும் மூன்று பாட்டில் கூழ் எடுத்துச் சூட்டில் வைத்துப் பார்ப்போம், பொங்காமல் இருந்தால்தான் லாட் வெளியே போகும். ஜூன் கடைசியில் ஒரு லாட்டில் மூன்றாவது பாட்டில் பொங்கியிருந்தது. மூடி லூசாக இருந்திருக்கும் என்று நானே முடிவுசெய்து, கழுவி வைத்துவிட்டு, மூன்றும் சரி என்று எழுதிவிட்டேன். மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லாரி வெளியே காத்திருந்தது, எனக்கும் சரி என்று எழுதவே ஆசை. பத்து நாளில் ட்ரம்மெல்லாம் உப்பிப் போய்த் திரும்பி வந்தது. பெல்ட்டில் அழுகலை விட்டது புதுசாக வந்த சபீனாதான், பழத்தை அமுக்கியே பார்க்க மாட்டாள் என்று மேனேஜர் அவளை நிறுத்திவிட்டார். கங்காதர நெல்லூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண், கைக்குழந்தைக்காரி. நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

அவள் கை எனக்குத் தெரியும். தோத்தாபுரி மாம்பழத்தை லேசாகத் தொடுவாள், சந்தேகம் வந்தால் மட்டும் கை அங்கே ஒரு கணம் நிற்கும். எல்லாப் பழத்தையும் இறுக்கி அமுக்குகிறவர்களுக்கு மத்தியானத்துக்குள் விரல் மரத்துப்போய் எதுவும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, உன் இறுக்கமான பிடி அணைந்துபோனதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே வரவில்லை. இது பெல்ட்டுக்காரி நினைப்பு, உன் செல்லுக்குப் பொருந்துமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். சாயமே கெட்டுப்போயும் இருக்கலாம்.

போன சனிக்கிழமை மேனேஜரிடம் பாட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது உன் நைனா, இப்ப இன்னாத்துக்கு வாயக் குடுத்துக்கினு, சீசன் முடியட்டுமே என்றார். என்னால் முடியவில்லை. இப்போது சபீனா திரும்ப வந்துவிட்டாள், நான் மறுபடி பெல்ட்டுக்குப் போய்விட்டேன், அவள் பக்கத்திலேயே. முதல் நாள் அவள் என்னைப் பார்த்து, அந்தப் பாட்டிலு உங்க கண்ணுல படாம இருந்திருந்தாகூட மனசு ஆறும்க்கா என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேசவில்லை. அவள் பேசாதது நியாயம், எனக்குத்தான் தாங்கவில்லை.

உன் பேரில் வெளிவரப்போகிற முதல் கட்டுரை, அதற்காக நீ எத்தனை நாள் தூங்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். தள்ளிப்போனால் போகட்டும். திருப்பதி கங்கம்மா உன் கண்ணையும் கையையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். லேப் ஏசி குளிருக்கு சாக்ஸ் போட்டுக்கொள். அந்தத் தட்டின் வீடியோவை மட்டும் அழித்துவிடாதே, கண்ணு. என் பாட்டிலை நான் கழுவிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுலோச்சனா