அடியில் வைத்த பொட்டு

இன்று காலை துணி காயப்போட கிளிப் டப்பாவைத் துழாவினேன். ஒரு கிளிப் வாயே திறக்கவில்லை. ரெசின் பசை வழிந்து, தேன் நிறத்தில் இறுகிக் கிடந்தது. துணி கிளிப்பைக்கூட நிம்மதியாக இருக்க விடாத மனுஷன் நீங்கள்! அதைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துணி இன்னும் வாளியில்தான் இருக்கிறது.

ரிட்டயர் ஆன கையோடு படகு கட்டப்போகிறேன் என்றீர்கள். கடல் இல்லாத ஓசூரில், நீச்சல் தெரியாத ஆள்! வெளிநாட்டு மெஷின்கள் வந்த பைன் மரப்பெட்டிகளைப் பழைய சாமான் கடை பாயிடம் வாங்கி, சுண்டுவிரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக அறுத்தீர்கள். போர்ட்டிகோவில் பிளைவுட் அச்சுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினீர்கள். பசை காயும்வரை பிடித்துக்கொள்ள அறுத்த ஸ்கூட்டர் டியூபும் என் கிளிப்புகளும். ஒரு பட்டையில், நனையக்கூடாது என்பதற்கான குடைப்படம் அச்சாகியிருந்தது. "படகுக்கு ஏத்த மரந்தாங்க" என்று சிரித்தேன். கம்பெனி டூல் ரூமில் இருந்த புத்தி எங்கே போகும்? மரத்துக்கும் வெர்னியர் வைத்து அளந்தீர்கள். காலையில் ஓர் அளவு, மழை பெய்த சாயங்காலம் வேறு அளவு. "இது இரும்பு இல்லம்மா, மூச்சு விடுது" என்றீர்கள் சின்னப் பிள்ளை மாதிரி.

கவிழ்ந்தபடியே படகு வளர்ந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏனக்கா, சார் யாருக்குத் தொட்டில் கட்றாரு?" என்று கேட்டாள். "அவருக்கேதான்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட வந்தால் ஆளைக் காணோம். படகுக்கு அடியிலிருந்து, "உள்ள வாம்மா" என்று குரல் வந்தது. எந்த இடுக்கில் வெளிச்சம் வருகிறது என்று பார்த்துக் குறிக்க, பென்சிலோடு மல்லாந்து படுத்திருந்தீர்கள். முணுமுணுத்துக்கொண்டே நானும் ஊர்ந்து வந்து பக்கத்தில் படுத்தேன். தலைக்கு மேல் மரம் வளைந்து இறங்கியது. அங்கங்கே நூல் நூலாக வெளிச்சம், எங்கும் பைன் வாசனை. தெருவில் ஷிப்ட் பஸ் போன சத்தம்கூட வேறு ஊரில் கேட்பதுபோல் இருந்தது. "மேல தண்ணி இருக்குன்னு நெனச்சுக்க" என்றீர்கள். நினைத்துக்கொண்டேன். ரசம் ஆறிப்போனது. இருவரும் தூங்கிவிட்டோம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்தவர், வீட்டில் மட்டும் "மரத்து மேல கை வைக்காத, நாளைக்கு ரெசின் பூசணும்" என்றால் நான் கேட்பேனா? நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் ரம்பம், இழைப்புளி, ஸ்கூட்டர், வெர்னியர் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் படகின் உச்சியிலும் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

துண்டோடு வந்து நின்று அலறினீர்கள். "ஐயையோ! எண்ணெ பட்ட எடத்துல ரெசின் பிடிக்காதும்மா. அதுவும் இது உச்சியா? அடி! திருப்பிப் போட்டா தண்ணிக்குள்ள இருக்கற எடம்!" உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்கள். எண்ணெய் போனது, சிவப்பு போகவில்லை. இன்னும் தேய்த்தால் பட்டை மெலிந்துவிடும் என்று அதன் மேலேயே கண்ணாடி நார்த் துணியை விரித்து ரெசின் பூசினீர்கள். துணி கரைந்ததுபோல் மறைந்து, உள்ளே மரமும் பொட்டும் பளபளத்தன. உட்பக்கம் அதே இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டீர்கள். "தண்ணி வந்தா உன் பொட்டு வழியாத்தான் வரும், பாத்துக்க."

"வந்தா வரட்டும், சாமிக்கு வெச்சது" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

படகு முடிந்தபோது வேப்பனப்பள்ளியில் என் தம்பி மாந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரி வறண்டு கிடந்தது. மழை வரட்டும் என்றீர்கள். மழைக்கு முன்னால் உங்களுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. சொந்தக்காரப் பெண்கள் என் நெற்றியைத் துடைத்த அன்று, கவனிப்பார் இல்லாமல் போர்ட்டிகோவில் நின்ற அந்தப் படகைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போன மாதம் நம் மகள், "ஹைவே ஓட்டல்காரர் படகைக் கேக்கறாரும்மா, வாசல்ல வெச்சு செடி வளப்பாங்களாம்" என்றாள். செடி வைத்தால் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடுவார்கள். "மொதல்ல அது மெதக்குதான்னு பாக்கணும்" என்றேன்.

ஏரி நிரம்பியிருந்தது. குட்டியானை வண்டியில் கட்டிக் கொண்டுபோனோம். மகள் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, இடுப்பில் லாரி டியூபை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தள்ளிவிட்டான். மாமர நிழல்கள் நெளிந்து வழி விட்டன. ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கு மேலே இருப்பதாக நாம் நினைத்துக்கொண்ட தண்ணீர் இப்போது எனக்குக் கீழே இருந்தது. பக்கத்தில் நீங்கள் படுத்திருப்பதாகவே தோன்றியது. திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும் என்று திரும்பவில்லை. குனிந்து, உங்கள் பென்சில் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையை அதன் மேல் வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஓட்டல்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். நெற்றியில் இருந்ததைத் துடைத்தவர்களால், நீங்கள் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்ததைத் துடைக்க முடியாது. அது அங்கேயே இருக்கிறது.

சொட்டுத் தண்ணிகூட வரலைங்க.