பூட்ஸும் ஏழாவது கிலோமீட்டரும்

மார்ச் 4, செவ்வாய்

மாவுக்கட்டு பிரித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. காலையில் கணுக்கால் கணுக்காலாக இருக்கிறது, மாலையில் பூசணிக்காய் ஆகிவிடுகிறது. எந்தக் காலுக்கு ஏற்ப வாழ்வது என்று தெரியவில்லை.

இன்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி நடைத் தேர்வு. என் பத்து கிலோமீட்டர் தண்டவாளத்தையும் மூன்று மணி நேரத்துக்குள் முழுக்க நடந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்த நீளம் வேறு ஆளுக்குப் போகும், எனக்கு ஸ்டோர் அறை.

வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். புத்தகம் பைண்டிங் செய்கிற பசை காயாத விரலோடு கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டோர்ல ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. உனக்கென்ன கசக்குதா?" என்றார்.

கசக்கிறதுதான். பதினாறு வருஷமாகச் சரக்கு ரயில் பாதையில் தினமும் காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறேன். எந்த போல்ட் கழன்றிருக்கிறது, எந்தக் கட்டை ஆடுகிறது, எங்கே கல் சரிந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. இந்தப் பிரிவில் தனியாக ஒரு நீளம் கொடுக்கப்பட்ட பெண் நான் ஒருத்திதான். அதைக் கொண்டுபோய் ஒரு நாற்காலிக்குக் கொடுக்கவா? ஜனவரியில் ரயிலுக்கு ஒதுங்கும்போது சரளையில் கால் மடங்கியது என் நேரம். அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

பிசியோ அம்மா ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நான்கு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தேன்.

"வேலைக்கு என்ன போட்டுட்டுப் போவீங்க?"

என் கேன்வாஸ் ஷூவைக் காட்டினேன். அவர் அதை தோசை மடிப்பதுபோல் இரண்டாக மடித்தார். மடிந்தது. "இது ஷூவா, சாக்ஸா? இதோட ரயில் கல்லுல நடந்தீங்கன்னா அடுத்த தடவை ஆபரேஷன்தான். சொல்லிட்டேன்."

எல்லோருக்கும் பூட்ஸ்தான் என்பது விதி. கொடுக்கிற பூட்ஸில் ஆகச் சிறியது ஏழு. என் கால் ஐந்து. இரண்டு சாக்ஸ் போட்டாலும் உள்ளே கால் தனியாக ஊர்வலம் போகும். அதனால்தான் கேன்வாஸ். மேலே இருப்பவர்களும் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார். எங்கள் பாதையில் தண்டவாளத்தைத் தாங்குவது இன்னும் மரக்கட்டைகள்தான். அடியில் கல் இறுகி நிற்கிற கட்டை, மிதித்தால் காலைத் திருப்பி உதைக்கும். அடியில் காலியாகிப்போன கட்டை உதைக்காது, குதிகாலில் லேசாக அதிரும். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். மெல்லிய ரப்பர் வழியாக எனக்கு அது தெரியும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நடந்து நடந்து வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஒற்றைக் காலில் பதினொன்று. பல் தேய்த்துக்கொண்டே.

மார்ச் 12, புதன்

முதல் கடை. ஓடுகிறவர்கள் போடும் ஷூ. உள்ளே பஞ்சு, வெளியே பஞ்சு. கடைக்குள் நடந்தபோது சொர்க்கம். "மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கும் மேடம்" என்றான் விற்கிறவன். மேகத்தில் எனக்கு என்ன வேலை? பக்கத்தில் கட்டிடம் கட்டக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். முகம் போன போக்கு! வீட்டுக்காரரைக் கடையில் பிணையாக உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

ஜல்லியில் ஏறிய மூன்றாவது அடியிலேயே கால் வெளிப்பக்கம் சாயப் பார்த்தது. உயரமான மெத்தை, அகலம் இல்லாத அடி. கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மார்ச் 15, சனி

இந்த முறை மாலை ஐந்து மணிக்குப் போனேன். வீங்கிய காலோடு வாங்கினால்தான் பத்து கிலோமீட்டர் நடந்த பிறகும் கொள்ளும் என்று பிசியோ அம்மா சொல்லியிருந்தார். கணுக்கால் பட்டியையும் தடித்த சாக்ஸையும் கையோடு எடுத்துப் போனேன்.

மலையேறுகிறவர்களுக்கான பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரம். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்கவில்லை. அடி அகலம், இரண்டு விரல் கனம். முறுக்கிப் பார்த்தேன், வளைந்து கொடுக்கவில்லை. இடது காலுக்கு ஐந்து சரியாக இருந்தது. வலது காலை நுழைத்தால், ஐயோ, பட்டியோடு உள்ளே போகவே இல்லை. அதற்கு ஆறு தேவை.

"இடது அஞ்சு, வலது ஆறு குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "அம்மா, ஜோடியைப் பிரிச்சா மீதியை நான் யாருக்கு விக்கிறது?"

"எனக்கு நேர் எதிரா கால் ஒடிஞ்சவங்க யாராவது வருவாங்க."

அவர் சிரித்தார், ஆனால் பிரிக்கவில்லை. கடைசியில் இரண்டு ஜோடியும் வாங்கினேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் வீட்டுக்காரர், "மிச்ச ரெண்டையும் என்ன பண்ணப் போற, ஊறுகாய் போடவா?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

குதிகாலில் கொப்புளம். மேல் கொக்கியில் கயிற்றை ஒரு சுற்று சுற்றி இறுக்கினால் குதிகால் தூக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர்.

மார்ச் 27, வியாழன்

எட்டு கிலோமீட்டர். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். வலி இல்லை என்பதால்தான் அழுகை. ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாகக் காலைப் பற்றி நினைக்காமல் நடந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம்!

அரையடி சார் கூடவே நடந்தார். எங்கள் மேற்பார்வையாளர்தான். சட்டைப்பையில் எப்போதும் அரையடி இரும்பு ஸ்கேல் வைத்திருப்பதால் அந்தப் பெயர். ஆறாவது கிலோமீட்டரில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. "மெதுவாப் போம்மா, எனக்கும் பரீட்சைன்னு யாரும் சொல்லலை" என்றார். முடிந்ததும் பூட்ஸைக் காட்டி, "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ரூல்ஸ்படி நடக்குற" என்று கையெழுத்துப் போட்டார்.

எதிரில் சரக்கு ரயில் வந்தது. கடைசிப் பெட்டியில் இருக்கும் ரயில் கார்டு, நான் பிளாஸ்க்காரர் என்று பெயர் வைத்திருப்பவர், என்னைப் பார்த்ததும் பிளாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பதினாறு வருஷத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மூன்று மாதம் நான் இல்லாததை அவர் கவனித்திருக்கிறார். நன்றாக இருந்தது.

என் நீளம் எனக்கு.

ஏப்ரல் 21, திங்கள்

முன்பைவிட வேகமாக முடிக்கிறேன். வீக்கம் பாதியாகிவிட்டது. ஒன்று மட்டும் — எல்லாக் கட்டையும் ஒன்றுபோல் இருக்கிறது. வரவேற்பறையில் நடப்பதுபோல். பழகிவிடும். கண் இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் தட்டிப் பார்க்கலாம்.

சந்தேகம் வருவதே காலில் இருந்துதானே?

போதும். ஒரு வழியாகக் கால் கிடைத்திருக்கிறது, அதற்கு ஒரு குறை கண்டுபிடிக்காதே.

மே 12, திங்கள்

மாலையிலிருந்து மழை. விடவில்லை.

மே 13, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் போய் எட்டு ஐம்பதுக்கு முடித்தேன். புத்தகத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதினேன். பத்தே முக்காலுக்கு ஏழாவது கிலோமீட்டரில் சரக்கு ரயிலின் கடைசி மூன்று பெட்டி தடம் புரண்டுவிட்டது. கார்டு பெட்டி கவிழ்ந்தது.

பிளாஸ்க்காரர்.

ஓடினேன். பெட்டியை வெட்டி அவரை வெளியே எடுக்கும்வரை நின்றேன். கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

மே 14, புதன்

மழை நீர் கரையின் உள்பக்கமாக இறங்கி, ஒன்பது கட்டைக்கு அடியிலிருந்த கல்லை இழுத்துப்போயிருக்கிறது. மேலே ஒரு கல்கூட நகரவில்லை. அரையடி சார் ஸ்கேலை அந்தப் பொந்துக்குள் விட்டார். முழுக்கப் போனது.

"இது கண்ணுக்குத் தெரியாதும்மா. நீயில்ல, எவன் நடந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. மனசைப் போட்டு உழப்பிக்காத."

தலையாட்டினேன். ஒன்பது கட்டை. ஒன்பது! ஒன்பதையும் நான்தான மிதிச்சேன். ஒண்ணு ஒண்ணா மிதிச்சிட்டுத்தான போனேன். மகாராணி மாதிரி.

மே 15, வியாழன்

உண்மை தெரியாமல் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் கேன்வாஸைப் போட்டுக்கொண்டு போனேன். பழுது பார்த்த இடத்தைத் தாண்டி, அதே கரை, இன்னும் ரயில் விடாத இடம். கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை, ஆனால் கீழே பார்க்கவும் இல்லை. இருபது அடி போவதற்குள் அதிர்ந்தது. நின்று எண்ணினேன். மூன்று கட்டை. குனிந்து கையால் பக்கத்துக் கல்லை விலக்கினேன். அடியில் கை மணிக்கட்டுவரை போனது.

ஆக, தெரிந்திருக்கும். எவனுக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்திருக்கும்.

அரையடி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆட்களை வரவழைத்து உடனே கல் போட்டார்கள். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார். கிளம்பிவிட்டேன். திரும்பும்போது சரளையில் வலது கால் மடங்கியது. பெரிதாக இல்லை. ஆனால் மடங்கியது.

மே 17, சனி

பிளாஸ்க்காரர் காலையில் போய்விட்டார்.

மே 18, ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போனோம். நிறையப் பேர். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைன்ல நடக்குற அக்கா நீங்கதானா? மூணு மாசம் உங்களைக் காணோம்னு சொல்லிட்டே இருந்தார்" என்றார். என்னால் அந்தக் கையை விடுவிக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். வழக்கம்போல ஏதாவது கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, "விசாரணையில இதைச் சொல்லாத. உன்னை யாரும் கேக்கலை. வாயைக் குடுத்து மாட்டிக்காத" என்றார். பயந்துபோயிருந்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

மே 20, செவ்வாய்

பிசியோ அம்மா காலை அழுத்திப் பார்த்தார். "பூட்ஸ் இல்லாம நடந்தீங்களா? இன்னொரு தடவை மடங்கினா நான் பொறுப்பில்ல. வீட்டுக்குள்ளகூட நொண்டிக்கிட்டுத்தான் இருப்பீங்க."

பூட்ஸ் போட்டால் பாதை தெரியாது. பூட்ஸ் போடாவிட்டால் கால் இருக்காது. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? கடை கடையாக ஏறி இறங்கினேனே, இந்தக் கேள்வியை ஒரு கடைக்காரரிடமும் கேட்கவில்லை.

மே 22, வியாழன்

விசாரணை. நீளமான மேஜை, மூன்று அதிகாரிகள், ஒரு தட்டச்சர்.

"அன்னைக்குக் காலையில வித்தியாசமா ஏதாவது கவனிச்சீங்களா?"

"இல்லை சார்."

"சரி, நீங்க போகலாம்."

எழுந்தேன். கதவுவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஷூவைப் பற்றிச் சொன்னேன், கட்டை உதைப்பதைச் சொன்னேன், பதினைந்தாம் தேதி கண்டுபிடித்த மூன்று கட்டையைச் சொன்னேன். "பழைய ஷூ போட்டிருந்தா அந்த ரயிலை நிறுத்தியிருப்பேன் சார்."

நடுவில் இருந்தவர் நல்ல மனிதர். கோபப்படவே இல்லை. "அம்மா, பூட்ஸ் போட்டு நடக்கணும்னுதான் விதி. நீங்க விதிப்படி நடந்திருக்கீங்க. அந்த மூணு கட்டை அதிர்ஷ்டம். கால்ல தெரிஞ்சுதுன்னு நான் அறிக்கையில எழுத முடியுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டச்சரிடம் திரும்பி, "இதை அடிக்க வேண்டாம்" என்றார்.

யார் மேலும் தப்பில்லையாம். மழை மேல் தப்பு.

எனக்குத் தண்டனை வேண்டும் என்று போகவில்லை. ஆனால் யாராவது ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 3, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டோர் அறை. அரையடி சார், "தேர்வெல்லாம் பாஸ் பண்ணிட்டு இப்ப ஏம்மா?" என்றார். கால் வலி என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

ஃபேன் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

இன்று முழுவதும் மண்வெட்டிப் பிடிகளை எண்ணினேன். வெளியே பத்தே முக்கால் சரக்கு ரயில் போகும் சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று இரவெல்லாம் மழை.

என் நீளத்துக்கு நியமித்திருக்கும் ஆள் காலையிலேயே ஸ்டோருக்கு வந்தார். பக்கத்துப் பிரிவில் பத்து வருஷம் சிமென்ட் கட்டைப் பாதையில் நடந்தவர், நல்ல நெட்டை. மரக்கட்டைப் பாதை அவருக்குப் புதிது. பூட்ஸ் வாங்க வந்தார், அளவு ஒன்பது. அந்த அளவு ஸ்டோரில் தாராளமாகக் கிடந்தது. போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு முறை தரையில் உதைத்தார்.

"கெட்டியா இருக்கே. நல்லா இருக்குமாக்கா?"

"கால் பத்திரமா இருக்கும்."

பிறகு சொல்லிவிட்டேன். "மழை பெஞ்ச மறுநாள் மட்டும் இதைக் கழட்டி வச்சிட்டு, அடி மெல்லிசா ஏதாவது போட்டுட்டு நடங்க. ஏழாவது கிலோமீட்டர்ல மெதுவாப் போங்க. கட்டை உதைக்குதான்னு பாருங்க."

"உதைக்குமா? கட்டையா?" சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சரிக்கா, பாத்துக்கிறேன்" என்று, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசும் குரலில் சொன்னார். பதிவேட்டைத் தள்ளினேன். கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தேன். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கட்டைகள் மேல், பூட்ஸோடுதான் போய்க்கொண்டிருந்தார்.